ஸ்காட்லாந்து துரைகள் கட்டிய மலையூர்

மூணாறில் பார்க்கவும் கேட்கவும் நிறைய இருக்கிறது: தேயிலை, மலை ரயில், பெருவெள்ளம், வரையாடு. மலையைத் தோட்டமாக்கிய தமிழர்களுக்கு மட்டும் அங்கே சொந்தமாக ஒரு வீடு இல்லை.

மூணாறு கடைவீதியின் இரைச்சலிலிருந்து சற்றே விலகி நிற்கிறது அந்தக் குன்று. அதன் மேல் கருங்கல்லால் கட்டிய கிறிஸ்து ஆலயம். வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், வரிசையாக மரப் பெஞ்சுகள், சுவரில் தோட்டத் துரைமார்களின் பெயர் பொறித்த நினைவுத் தகடுகள். 1910இல் அடிக்கல் நாட்டி, 1911 ஈஸ்டர் ஞாயிறன்று திறந்தார்கள். இன்று இங்கே தமிழிலும் வழிபாடு நடக்கிறது.

ஆலயத்தைவிட அதன் கல்லறைத் தோட்டத்துக்கு வயது அதிகம். 1894 டிசம்பர் 23ஆம் தேதி காலராவில் இறந்த எலனார் இசபெல் மே என்ற 24 வயதுப் பெண்ணை இந்தக் குன்றில்தான் அடக்கம் செய்தார்கள். தோட்ட அதிகாரி ஹென்றி மான்ஸ்ஃபீல்டு நைட்டின் இளம் மனைவி. இந்த இடத்தின் அழகில் சொக்கிப்போய், தான் இறந்தால் இங்கேயே புதைக்க வேண்டும் என்று கணவரிடம் சொன்னார், சில நாட்களிலேயே இறந்தும் போனார் என்பது வழிகாட்டிகள் சொல்லும் கதை. அதைக் கேட்டுச் சுற்றுலாப் பயணிகள் உருகுகிறார்கள். காலரா துரை பங்களாவை மட்டும் தேடி வந்திருக்காது என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை. காட்டை வெட்ட மலையேறி வந்து நோயில் மடிந்த தமிழ்க் கூலிகளுக்குக் கல்லும் இல்லை, கதையும் இல்லை.

மூணாறின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் சொல்லப்படுகிறது. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்ற மூன்று ஆறுகள் கூடும் இடம் என்பதால் மூணாறு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். துரைகள் வருவதற்கு முன் இது முதுவர்களின் காடு. மலைக்குப் பெயர் தந்த கண்ணன் தேவர், அஞ்சுநாட்டுப் பகுதியின் தலைவர் என்கிறது மரபு. தேயிலைப் பொட்டலத்தில் அந்தப் பெயரைப் பார்த்தே வளர்ந்தவர்கள்கூட அவர் யார் என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

1877இல் திருவிதாங்கூர் அரசின் ஏலமலை அதிகாரியாக இருந்த ஜான் டேனியல் மன்றோ, பூஞ்சாறு ராஜாவிடமிருந்து இந்த மலைகளைக் குத்தகைக்கு எழுதி வாங்கினார். நிலம் லட்சம் ஏக்கருக்கு மேல்; ஆண்டுக் குத்தகை வெறும் 3,000 ரூபாய். 1879இல் தோட்டம் போட விரும்பியவர்கள் சேர்ந்து வடதிருவிதாங்கூர் நில, நடவு, வேளாண் சங்கத்தைத் தொடங்கினார்கள். காப்பி, சின்கோனா, கற்றாழை நார் என்று எதையெதையோ நட்டுப் பார்த்தார்கள். ஏ. எச். ஷார்ப் என்பவர் பார்வதி என்ற இடத்தில் சுமார் 50 ஏக்கரில் தேயிலை போட்டார். அது நின்றது.

நின்றதைப் பார்த்துப் பெரிய மீன் வந்தது. கிளாஸ்கோ நகரத்து ஜேம்ஸ் ஃபின்லே கம்பெனி 1750இல் தொடங்கியது. ஸ்காட்லாந்தின் கேட்ரின், டீன்ஸ்டன் ஊர்களில் பஞ்சாலை நடத்திப் பணம் குவித்தது. பின்னாளில் அதன் தலைமைக்கு வந்த ஜான் மியூர், கிளாஸ்கோவின் மேயர் பதவிக்கு இணையான பொறுப்பில் இருந்தவர். அவர் பணத்தைத் தேயிலையில் போட்டார். 1895இல் ஃபின்லே மியூர் கம்பெனி கண்ணன் தேவன் மலைகளில் இருந்த 33 தனித்தனித் தோட்டங்களை வாங்கியது. அவற்றை நிர்வகிக்க 1897இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி உருவானது.

அதன் பிறகு மூணாறு அசல் ஸ்காட்லாந்து ஊராகவே மாறத் தொடங்கியது. குளிரும் சாரலும் மூடுபனியும் ஏற்கெனவே இருந்தன. கணப்படுப்பு வைத்த பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம், ஓடையில் ட்ரவுட் மீன் ஆகியவற்றைத் துரைகள் கொண்டு வந்தார்கள். ஹைரேஞ்ச் கிளப்பின் மதுக்கூடச் சுவரில் இன்றும் வரிசையாகத் தொப்பிகள் தொங்குகின்றன. இந்த மலையில் 30 ஆண்டு வேலை பார்த்தவர் தன் தொப்பியைக் கழற்றி அங்கே மாட்டிவிட்டுப் போவது வழக்கம். ஊருக்குத் திரும்ப ஒரு வீடு இருந்தவர்களின் வழக்கம் அது.

கிளாஸ்கோவின் தொழிலாளிகளுக்கும் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஜூலை மாதம் ஆலைகளும் கப்பல் பட்டறைகளும் விடுமுறை விடும்போது, குடும்பத்தோடு நீராவிப் படகேறி கிளைடு நதிமுகம் வழியே ராத்சே, டனூன், லார்க்ஸ் போன்ற கடற்கரை ஊர்களுக்குப் போவார்கள். பின்னாளில் ஸ்பெயினுக்கு மலிவான விமானம் கிடைத்ததும் அந்த ஊர்கள் களையிழந்தன. கிளாஸ்கோ முதலாளியின் மூணாறுத் தோட்டத்தில் வேலை பார்த்தவருக்கு இப்படி ஓர் ஊர் வாய்க்கவில்லை. அவர் பிழைக்க வந்த இடமே பிற்பாடு பிறருக்கு விடுமுறை ஊராயிற்று.

அவர்கள் வந்தது திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்து வறண்ட கிராமங்களிலிருந்து. கங்காணி முன்பணம் கொடுப்பார், கடனைத் தலையில் கட்டுவார், ஆணும் பெண்ணும் பிள்ளையுமாகப் போடிநாயக்கனூர் வழியே நடத்தி மலையேற்றுவார். பெரும்பாலோர் நிலமில்லாத தாழ்த்தப்பட்ட சாதியினர். ஊரில் பட்டினியும் சாதிக் கொடுமையும். மலையில் குளிரும் அட்டையும். எது மேல் என்று யோசிக்க அவகாசம் இருந்திருக்காது. செண்டுவரை, சிட்டிவரை, பெரியவரை, கன்னிமலை, எல்லப்பட்டி என்று எஸ்டேட்டுகளின் பெயர்களில் பாதி இன்றும் தமிழ்.

தேயிலையை விளைவித்தால் போதாது, கப்பலேற்ற வேண்டும். அதற்காக உருவானதுதான் இந்த மலையின் மிகச் சுவையான அத்தியாயமான குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில். 1902இல் முதலில் போட்டது ஒற்றைத் தண்டவாளம். வண்டியின் சிறிய சக்கரங்கள் தண்டவாளத்தின் மேல் ஓடும், பக்கவாட்டில் உள்ள பெரிய சக்கரம் தரையில் உருளும், மாடுகள் இழுக்கும். ஈவிங் முறை என்று பெயர். இதே முறையில் 1907இல் பாட்டியாலா சமஸ்தானத்தில் ஓடிய வண்டி டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூணாறுக்காரர்கள் 1908இல் மாடுகளுக்கு விடைகொடுத்து, இரண்டடி அகல இருப்புப்பாதை போட்டு நீராவி எஞ்சினை ஓட்டினார்கள்.

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக மலை விளிம்புவரை சுமார் 35 கிலோமீட்டர். கடைசி நிறுத்தம் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து கீழே பார்த்தால் மலை செங்குத்தாக இறங்கித் தேனிப் பக்கத்துச் சமவெளியில் முடிகிறது. தேயிலைப் பெட்டிகளைக் கம்பிவடத்தில் தொங்கவிட்டுச் சுமார் 5 கிலோமீட்டர் இறக்கினார்கள். அவை போய்ச் சேர்ந்த கொட்டகுடிக்கு பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர். அங்கிருந்து வண்டியில் போடிக்கும், பின்பு தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் போய் கப்பலேறின. திரும்பும் கம்பிவடத்தில் தொழிலாளிகளுக்கான அரிசி ஏறியது. தமிழ்நாட்டு அரிசி மேலே, மூணாறுத் தேயிலை கீழே என்று இரண்டு நிலங்களையும் கட்டி வைத்திருந்தது அந்தக் கம்பி.

1924 ஜூலையில் மழை பிடித்தது. மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளம் முழுவதும் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்று சொல்லப்படும் பெருமழை அது. மலைச்சரிவுகள் பெயர்ந்தன, ஆறுகள் ஊருக்குள் புகுந்தன, பாலங்கள் போயின. கரிந்திரி மலை சரிந்து ஆலுவாவிலிருந்து வந்த பழைய சாலை துண்டானது. 16 வயதுகூட நிரம்பாத நீராவி ரயிலின் தண்டவாளத்தை வெள்ளம் பிய்த்தெறிந்தது. மறுபடி அதைப் போடக் கம்பெனிக்கு மனமில்லை. ரயில் நிலையக் கட்டடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாயிற்று. கொச்சிப் பக்கம் நேரியமங்கலம் வழியே புதிய சாலை அமைந்தது. 1935இல் பெரியாற்றின் மேல் அங்கே பாலமும் வந்தது. அதுவரை கிழக்கே பார்த்திருந்த மூணாறு மெல்ல மேற்கே முகம் திருப்பியது அப்போதுதான் என்று சொல்லலாம்.

இன்று போகிறவர்கள் இந்தக் கதையின் மிச்சங்களை நல்லதண்ணியில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் காணலாம். மலை ரயில் எஞ்சினின் சக்கரம், 1905ஆம் ஆண்டுத் தேயிலை உருட்டும் எந்திரம், கன்னிமலை எஸ்டேட் மின் நிலையத்தில் சுழன்ற பெல்டன் சக்கரம் எல்லாம் இருக்கின்றன. அவசரமாகப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் தவறவிடும் பொருள் ஒன்று உண்டு. 1913இல் செய்த சூரிய கடிகாரம் அது. நாசரேத் தொழிற்பள்ளியில் செய்தது. துரைமார்களுக்கு நேரம் காட்டிய கடிகாரமும் திருநெல்வேலிச் சீமையிலிருந்துதான் வந்திருக்கிறது.

டாப் ஸ்டேஷனில் கம்பிவட நிலையத்தின் இடிபாடுகளைத் தேடினால் தென்படும். அந்தக் காட்சிமுனை தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளச் சாலை வழியாகத்தான் போக வேண்டும். கொழுக்குமலையும் அப்படியே. 2,000 மீட்டருக்கும் மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டு நிலம்; ஜீப் ஏற வேண்டிய இடமோ கேரளத்தின் சூரியநெல்லி. காலை ஐந்து மணிக்குக் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தால், காலடியில் மேகம் பரவிக் கிடக்க அதன் மேல் சூரியன் வருவதைக் காணலாம். இடுப்பு வலியை மறக்கச் செய்யும் காட்சி.

இரவிகுளம் தேசியப் பூங்கா தனிக் கதை. துரைமார்களின் வேட்டைக்காடாக இருந்ததால்தான் அது தேயிலைக்கு இரையாகாமல் தப்பியது. 1928இல் அவர்கள் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் வைத்து முதுவர்களைக் காவலுக்கு நியமித்தார்கள். கேரள அரசு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தோட்டமாகாத நிலங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆன 97 சதுர கிலோமீட்டர் பரப்பு இது. உலகில் மேற்கு மலைத்தொடரின் தென்பகுதியில் மட்டுமே வாழும் வரையாடுகளின் மிகப் பெரிய கூட்டம் இங்கேதான். தமிழ்நாட்டின் மாநில விலங்கு கேரளத்தின் ராஜமலையில் பாறை மேல் நின்று, செல்போனை நீட்டுபவர்களை அலட்சியமாகப் பார்க்கிறது. பின்னணியில் 2,695 மீட்டர் உயர ஆனைமுடி. பிப்ரவரி, மார்ச் மாதங்கள் குட்டி ஈனும் காலம் என்பதால் அப்போது பூங்காவை மூடுவது வழக்கம். விசாரிக்காமல் போய் ஏமாறுகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

நீலக்குறிஞ்சி 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது, அடுத்தது 2030இல். 2018இல் பூக்கும் வேளையில் கேரளப் பெருவெள்ளம் வந்து பெரியவரைப் பாலத்தைக் கொண்டுபோனதால், வந்திருக்க வேண்டிய கூட்டத்தில் பெரும்பகுதி வரவில்லை. பூவுக்கு அது நல்லதாகவும் இருந்திருக்கலாம். கூட்டத்தைப் பொருட்படுத்தாத இன்னொருவர் படையப்பா. நீண்ட தந்தமுள்ள இந்தக் காட்டானைக்கு ரஜினி படத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். சாலையில் நின்று பஸ்ஸை மறிப்பதும் கடையில் புகுந்து காய்கறி தின்பதும் அதன் பொழுதுபோக்கு.

பாலக்காட்டுக்காரர்கள் பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக வருவது நல்லது. மழைமறைவுக் காட்டிலிருந்து சந்தனக்காட்டுக்கும் அங்கிருந்து தேயிலைக்கும் ஓரிரு மணி நேரத்தில் ஏறிவிடலாம். மறையூரில் பெருங்கற்கால முனியறைகளைப் பார்க்கலாம், புவிசார் குறியீடு பெற்ற வெல்லத்தை வாங்கலாம். மதுரைப் பக்கத்தவர்களுக்குப் போடிமெட்டு.

இரண்டு வழியிலும் மாநில எல்லையைக் கடந்தாக வேண்டும். அந்தக் கோடு இங்கே சாதாரணமாக விழவில்லை. தேவிகுளம், பீர்மேடு, பாலக்காட்டுச் சித்தூர் உள்ளிட்ட ஒன்பது வட்டங்களைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954இல் நேசமணி மூணாறுக்கு வந்து கைதானார். தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் தமிழர்கள் பெரும்பான்மை என்பதை 1955இல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் மறுக்கவில்லை. ஆனால் அவர்களில் பெரும்பகுதி தோட்ட வேலைக்காக வந்து போகிறவர்கள் என்று கருதியது. 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரிப் பகுதி தமிழ்நாட்டுக்கு வந்தது. தேவிகுளம் கேரளத்தில் நின்றது. வந்து போகிறவர்கள் என்று ஆணையம் நினைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள்.

எந்த மாநிலமானாலும் ஓட்டு ஓட்டுதானே. 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக, மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசன் வந்து எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடினார். கூட வந்த தம்பிகளில் ஒருவர்தான் பிற்காலத்து இளையராஜா. ரோசம்மா ஜெயித்தார். அதே ஆண்டு நடந்த வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டு இரண்டு தொழிலாளிகள் இறந்தார்கள். ஆட்சியில் இருந்தது கம்யூனிஸ்ட் அரசு.

கம்பெனி கைமாறியது. 1964இல் டாடா கூட்டுச் சேர்ந்தது; 1983இல் டாடா டீ என்று பெயர் மாறி ஃபின்லே மறைந்தது. 2005இல் ஊழியர்களையே பங்குதாரர்களாக்கிப் புதிய கண்ணன் தேவன் கம்பெனி பிறந்தது. பங்குப் பத்திரம் கைக்கு வந்தது. லயம் அதே லயமாக இருந்தது: ஓர் அறை, சமையலுக்கு ஒரு மூலை, முன்னால் ஒரு திண்ணை.

பத்தாண்டு கழித்து, 2015 செப்டம்பரில் பெண்கள் பொறுமை இழந்தார்கள். போனஸ் பாதியளவாக, 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. தினக்கூலி 232 ரூபாய். முதுகில் கொழுந்துக்கூடை சுமந்தவர்கள் ஆயிரக்கணக்கில் மூணாறு வீதியில் உட்கார்ந்து கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையை மறித்தார்கள். சமாதானம் பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களை விரட்டினார்கள். ஆண்களை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். பெம்பிளை ஒருமை என்ற பெயரில் திரண்ட அந்தக் கூட்டத்துக்குக் கட்சி இல்லை, கொடி இல்லை. ஒன்பது நாளில் போனஸும் கருணைத் தொகையுமாக 20 சதவீதம் கிடைத்தது. 500 ரூபாய் கேட்ட தினக்கூலி பிறகு 301 ஆயிற்று. அவர்கள் கேட்டவற்றில் நல்ல வீடும் இருந்தது. அந்தக் கோரிக்கை நின்ற இடத்திலேயே நின்றது.

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லயங்களின் மேல் விழுந்தது. மழையில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. செய்தி வெளியே வந்தது மறுநாள் காலையில். பெரியவரையில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு போட்டிருந்த தற்காலிகப் பாலமும் அடித்துப் போயிருந்ததால் ஆம்புலன்ஸ்கள் தவித்தன. இறந்தவர்கள் 70 பேர். நான்கு பேரின் உடல் கிடைக்கவே இல்லை. பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையும் மண்ணுக்குள் போன வீடுகள் இருந்தன. குழந்தை ஒன்றின் உடலை எட்டு நாள் கழித்துக் காட்டிக் கொடுத்தது அது வளர்த்த நாய்.

மறுநாள் ஆகஸ்ட் 7ஆம் தேதி கோழிக்கோட்டில் விமானம் விழுந்தது. அதில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு மாநில அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. பெட்டிமுடிக்கு 5 லட்சம். ஏன் இந்த வித்தியாசம் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. உயிர் பிழைத்த குடும்பங்களுக்குக் குட்டியார்வேலியில் எட்டு வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். லயத்து மக்களில் சொந்தப் பெயரில் வீடு பெற்ற சிலரில் இவர்களும் அடக்கம். அதற்குக் கொடுத்த விலை அப்படி.

மூணாறில் நிலம் இல்லாமல் இல்லை. ரிசார்ட்டுகளுக்கும் ஓட்டல்களுக்கும் மலைச்சரிவுகளில் இடம் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. 2007இல் முதல்வர் அச்சுதானந்தன் சிறப்புக் குழு அனுப்பி, ஆக்கிரமிப்புக் கட்டடங்களை ஜேசிபி கொண்டு இடித்தபோது நாடே வேடிக்கை பார்த்தது. சில மாதங்களில் அந்த வேகம் அடங்கியது.

தொழிலாளிக்கு லயம் வேலை இருக்கும்வரைதான். ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். இல்லையென்றால் மகனோ மருமகளோ அதே தோட்டத்தில் வேலைக்குச் சேர வேண்டும். வீட்டுக்காகவே கொழுந்தெடுக்க வந்த படித்த பெண்கள் உண்டு. சாதிச் சான்றிதழ் கேட்டால், குடும்பம் 1950க்கு முன்பே கேரளத்தில் இருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். தாத்தாவின் பெயர் எந்த எஸ்டேட்டின் எந்தப் பழைய பதிவேட்டில் இருக்கிறது என்று தேடிக்கொண்டு அலைய வேண்டும்.

பிள்ளைகளில் பலர் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள். ஓய்வு பெற்ற பெரியவர்கள் பின்னால் போகிறார்கள், அல்லது மூன்று தலைமுறைக்கு முன் விட்டு வந்த ஊரில், தங்களை அடையாளம் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கப் போகிறார்கள். போடிக்கு 2023 ஜூனில் மீண்டும் ரயில் வந்துவிட்டது, அதனால் பயணம் மட்டும் சுலபம். அவர்கள் காலி செய்யும் லயங்களில் இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் குடியேறுகிறார்கள்.